குதிரையும் காணியும்: போர் முடிந்த பிறகு சிப்பாய்க்கு என்ன?

போரைப் பற்றி நம்ம வரலாற்றுப் புத்தகங்கள் நிறையப் பேசும். போருக்குப் போய் வீடு திரும்பினவர் எப்படிப் பிழைத்தார்? இதைத் திருக்கோகர்ணத்திலிருந்து கேட்டுப் பார்க்கலாம்.

புதுக்கோட்டைத் தொண்டைமான்கள் தங்களைப் 'பிரகதாம்பாள் தாசர்' என்று சொல்லிக்கொண்டவர்கள். அந்த அம்மன் கோயில் இங்கேதான் இருக்கு. ஹைதர் அலிக்கு எதிராகவும், 1799-ல் கட்டபொம்மனுக்கு எதிராகவும் புதுக்கோட்டை கம்பெனி பக்கம் நின்றது. அதன் படையாட்களில் பலர் மாதச் சம்பளக்காரர்கள் இல்லை, அமரக்காரர்கள். சேர்வைக்காரர்களின் கீழ் பணி செய்ததற்கு அவர்களுக்கு மானிய நிலம் கிடைத்தது. அந்த நிலம்தான் குடும்பத்துக்கும் சோறு போட்டது. போரில் இறந்தவர் வீட்டுக்கு விட்ட மானியத்துக்குத் தமிழில் தனிப்பெயரே உண்டு: உதிரப்பட்டி. உதிரம்னா ரத்தம்.

கம்பெனி ஆட்சி வந்ததும் உள்ளூர்ப் போர்கள் ஓய்ந்தன. திவான் சேஷையா சாஸ்திரி காலத்தில், 1888 இனாம் செட்டில்மெண்டோடு அமரப் பணியும் முடிந்தது. நிலம் வரி விதிக்கப்பட்டு, அனுபவித்தவர்களிடமே தங்கியது. படையாள் குடியானவர் ஆனார்.

நிலம் வயிற்றைப் பார்த்துக்கும். ராத்திரி தூக்கத்துல திரும்பத் திரும்ப வர்ற சண்டையை யார் பார்ப்பது? அதற்குத்தான் இன்று அமெரிக்கா போன்ற நாடுகளில் சிலர் குதிரையிடம் போகிறார்கள். அங்கே ஆர்லிங்டன் கல்லறையில் இறந்த வீரர்களின் பெட்டியை வண்டியில் இழுத்துச் செல்லும் ராணுவக் குதிரைகளையே, 2006 முதல் காயமடைந்த வீரர்களின் சிகிச்சைக்கும் பயன்படுத்தினார்கள்.

குதிரை மேல் ஏறினால்தான் சிகிச்சை என்றில்லை. தேய்த்து விடுவது, கயிறு பிடித்து நடத்துவது, பக்கத்தில் சும்மா நிற்பது, இதுவே பல இடங்களில் முக்கியப் பயிற்சி. குதிரை வேட்டையாடப்படும் விலங்கு. எப்பவும் காதைத் தீட்டிக்கொண்டு ஆபத்தைத் தேடும். போர்முனையிலிருந்து வந்தவரும் அப்படித்தான் இருக்கிறார். அவர் உடம்பு விறைத்தால் குதிரை விலகும். மூச்சு தணிந்தால் நெருங்கும். தன் பதற்றம் அவருக்கே கண்ணெதிரே தெரியுது. கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், பிடிஎஸ்டி என்னும் அதிர்ச்சிப் பாதிப்பு உள்ள 63 முன்னாள் வீரர்கள் வாரம் ஒருமுறையாக 8 வாரம் குதிரைகளோடு பழகினார்கள். பலருக்கு அறிகுறிகள் குறைந்தன. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு அதில் இல்லை. அதனால் குதிரையால்தான் குறைந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது.

அதனால், குதிரைச் சிகிச்சையைப் பற்றிப் பேசும்போது உதிரப்பட்டியையும் சேர்த்தே நினைக்கணும். அந்த மானியம் வீரரை மட்டும் பார்க்கவில்லை, அவர் வீட்டையும் பார்த்தது. இன்று அந்த வேலையை ஓய்வூதியமும், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக வரும் கல்வி உதவி, விதவையர் உதவி போன்றவையும் செய்கின்றன. மனசைப் பார்ப்பது அதற்கு மேல் செய்ய வேண்டிய வேலை, அதற்குப் பதிலாகச் செய்வது இல்லை. 8 வாரம் முடிந்ததும் அவர் திரும்பிப் போவது வீட்டுக்குத்தானே? மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அதில் இடம் இல்லைன்னா, லாயத்தில் கிடைத்த அமைதி வாசலோடு நின்றுவிடும்.