கண்ணாடியும் குழாயும்: நம் துறையின் இடது கைச் சரித்திரம்

மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது துறையின் வரலாறு. எத்தனை நாற்காலிகளோடு தொடங்கினோம், முதுநிலை இடங்கள் எப்போது கூடின, யார் யார் தலைமை வகித்தார்கள் என்பதெல்லாம் அலுவலகப் பதிவேட்டில் இருக்கிறது. இதே மலரில் வேறொரு பக்கத்தில் அதை அட்டவணையாகவும் போட்டிருக்கிறார்கள். நான் எழுத வந்தது வேறு. பல் மருத்துவரின் வலது கையில் சுழலும் கருவியைத்தான் ஊர் பார்க்கிறது, பயப்படுகிறது, பேசுகிறது. இடது கையில் இருக்கும் சின்னக் கண்ணாடியும், பக்கத்தில் நிற்பவர் பிடித்திருக்கும் உறிஞ்சுகுழாயும் இல்லாவிட்டால் அந்த வலது கை குருட்டுக் கை. மாணவனாகவும் ஆசிரியனாகவும் இந்தக் கட்டடத்தில் இருந்த காலம் முழுக்க நாங்கள் பட்ட பாடு இரண்டுதான்: வாய்க்குள் பார்ப்பது, வாயிலிருந்து கிளம்பும் சாரலைப் பிடிப்பது.

நான் மாணவனாக நுழைந்தபோது கூடத்தின் ஒரு மூலையில் காலால் மிதித்து ஓட்டும் பழைய எந்திரம் ஒன்று நின்றிருந்தது. தையல் மிஷின் போலவே இருக்கும். அமெரிக்காவில் ஜேம்ஸ் மாரிசன் 1871ல் காப்புரிமை வாங்கிய வடிவத்தின் பேரப்பிள்ளை அது. சீனியர்கள் எங்களை அதில் உட்கார்த்தி மிதிக்கச் சொல்வார்கள், கேலிக்காக. அதற்கடுத்த தலைமுறை, மின் மோட்டாரிலிருந்து கப்பிகள் வழியாகக் கயிறு ஓடும் எந்திரம். அதில்தான் நாங்கள் முதலில் கை பழகினோம். அதில் ஒரு சௌகரியம் இருந்ததை இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்: எல்லாம் தெளிவாகத் தெரியும். வேகம் குறைவு, தண்ணீர் கிடையாது. துளைத்த தூளை ஊதிவிட்டால் போதும். நோயாளிக்குத்தான் நரகம். மண்டைக்குள் யாரோ ஆட்டுக்கல் சுற்றுவது போல இருக்கிறது என்று ஒரு பாட்டி சொன்னார்.

பிறகு ஏரோட்டர் வந்தது. அதன் கதையைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்முடைய தொல்லை முழுவதும் அங்கேதான் பிறந்தது. காற்றழுத்தத்தால் சுழலும் கைக்கருவிக்கு நியூசிலாந்தின் ஜான் பேட்ரிக் வால்ஷ் 1949ல் வழி காட்டினார். 1953ல் அமெரிக்காவின் தேசியத் தர அளவை நிறுவனத்தில் ராபர்ட் நெல்சன் குழுவினர் தண்ணீர் விசையால் ஓடும் சுழலியைச் செய்தார்கள். 1957ல் ஜான் போர்டன் கொண்டுவந்த ஏரோட்டர் நிமிடத்துக்குச் சுமார் 3 லட்சம் சுற்று சுற்றியது. பல் வெண்ணெய் போல வெட்டுப்பட்டது. ஆனால் அந்த வேகத்தில் உராய்வுச் சூடு பல்லின் உயிர்ச்சதையைக் கொன்றுவிடும். 1965ல் ஜாக்கும் கோஹனும் குரங்குகளில் செய்த ஆய்வை நாங்கள் மனப்பாடமாகச் சொல்வோம்: பற்கூழின் வெப்பம் 5.5 டிகிரி செல்சியஸ் கூடினால் அப்படிச் சூடேறிய பற்களில் 15 சதவீதம் மீளாது. ஆகவே தண்ணீர் கட்டாயம். நிமிடத்துக்கு ஏறக்குறைய 50 மில்லி தண்ணீர், அழுத்தக் காற்றோடு கலந்து, சுழலும் பர் மீது பட்டுச் சிதறுகிறது. அதில் எச்சிலும் இரத்தமும் பல்தூளும் சேர்ந்துகொள்கின்றன. நோயாளியின் வலி குறைந்தது. டாக்டரின் கண் மறைந்தது.

எங்கள் துறையில் முதல் ஏரோட்டரைத் தலைமைப் பேராசிரியர் ஓட்டிக் காட்டிய நாளை மறக்க முடியாது. நாற்காலியைச் சுற்றி நாற்பது பேர் நின்றோம். சீழ்க்கைச் சத்தம், மேலே புகை மாதிரி ஒரு மூட்டம். முன்வரிசையில் நின்றவர்களின் மூக்குக்கண்ணாடியெல்லாம் புள்ளி புள்ளியாகிவிட்டது. முகமூடி யாரும் போட்டிருக்கவில்லை. "பன்னீர் தெளிக்கிறாங்க" என்று பின்னாலிருந்து ஒருவன் சொல்ல, எல்லாரும் சிரித்தோம். இப்போது நினைத்தால் முதுகு சில்லிடுகிறது.

கண்ணாடி விஷயத்துக்கு வருகிறேன். மேல்தாடைக் கடைவாய்ப் பல்லை நேராகப் பார்க்க முடியாது. கண்ணாடியில் தலைகீழ்ப் பிம்பத்தைப் பார்த்தே வேலை செய்ய வேண்டும். அதற்கே ஆறு மாதம் பழக வேண்டும். அந்தக் கண்ணாடியில் சாரல் அடித்தால்? மூச்சுப்பட்டு ஆவி படிந்தால்? ஒவ்வொருவரும் ஒரு கைவைத்தியம் வைத்திருந்தோம். ஸ்பிரிட் விளக்கில் இலேசாகக் காட்டிச் சூடாக்குவோம். நோயாளியின் கன்னத்து உட்புறத்தில் ஒரு தடவு தடவி எடுப்போம். பாத்திரம் கழுவும் சோப்பை மெல்லிய படலமாகப் பூசிக்கொண்டவர்களும் உண்டு. எங்கள் ஆசிரியர் ஒருவர் சொல்லித்தந்ததுதான் சிறந்தது, இன்றும் நான் சொல்லித்தருவது: கண்ணாடியைப் பல்லின் அருகே கொண்டுபோகாதே, எவ்வளவு தள்ளிப் பிடிக்க முடியுமோ அவ்வளவு தள்ளிப் பிடி, சாரல் போய்ச்சேராது, வெளிச்சமும் கூடும். செலவில்லாத கண்டுபிடிப்பு.

சாதாரணக் கண்ணாடியில் ரசம் பின்பக்கம் இருக்கும். ஒளி கண்ணாடிப் பரப்பிலும் ரசத்திலும் இரண்டு முறை பிரதிபலிப்பதால் கோடுகள் இரட்டையாகத் தெரியும். முன்பரப்பிலேயே ரோடியம் பூசிய கண்ணாடி வந்தபோது நுண்ணிய விரிசல்கூடத் துல்லியமாகத் தெரிந்தது. துறைக்கு ஒரு டஜன் வாங்கினோம். மூன்று மாதத்தில் பாதி கீறல் விழுந்துவிட்டது. காரணம் கண்ணாடி அல்ல. புரோப், எக்ஸ்கவேட்டர் எல்லாவற்றோடும் ஒரே தட்டில் போட்டு ஆட்டோகிளேவுக்கு அனுப்பிய நம் வழக்கம். பூச்சு வெளியே இருப்பதைத் தனியாகப் போட வேண்டும் என்று ஸ்டோர் பொறுப்பாளருக்குப் புரியவைக்க எனக்கு ஒரு வருஷமானது. கருவி வாங்குவது சுலபம், அதைக் கழுவும் முறையை மாற்றுவது கடினம் என்பதை அங்கேதான் கற்றேன்.

இனி குழாய். தொடக்கத்தில் இருந்தது சலைவா எஜெக்டர் மட்டும்தான், உதட்டோரம் கொக்கியாகத் தொங்கும் மெல்லிய குழாய். அது தேங்கிய எச்சிலை எடுக்கும், பறக்கும் சாரலைப் பிடிக்காது. பழைய நாற்காலிகளில் அந்த உறிஞ்சலும் கம்ப்ரசர் காற்றால்தான் நடந்தது. உறிஞ்சிய காற்று சுற்றிச் சுற்றி அதே கூடத்துக்குள்தான் வெளியேறியது. நோயாளி அதன்மேல் உதட்டை மூடிச் சப்பினால் குழாயிலிருப்பது திரும்ப வாய்க்குள் வரவும் கூடும். 'ஜூஸ் குடிக்கிற மாதிரி சப்பாதீங்க' என்று நாங்கள் சொன்னதற்கு அதுதான் காரணம்.

அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் எல்பர்ட் தாம்சன் என்ற பல் மருத்துவர் வேறு வழியில் யோசித்தார். தண்ணீரைக் குறைக்காதே, தாராளமாக ஊற்று. ஊற்றும் வேகத்திலேயே அகன்ற குழாயால் இழுத்துவிடு. வேலை செய்யும் இடம் கழுவப்பட்டுக்கொண்டே இருக்கும் என்றார். நோயாளி எழுந்து எழுந்து துப்பும் நேரமும் மிஞ்சும். அவர் வழியில் வந்ததுதான் இன்றைய பெரிய சக்ஷன்: நிமிடத்துக்குச் சுமார் 300 லிட்டர் காற்றை இழுக்கும், வாயகலம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றே குறைவு. பல்லுக்கு அருகில் ஒழுங்காகப் பிடித்தால் வெளியேறும் சாரலில் 90 சதவீதத்துக்கு மேல் குறையும் என்று ஹாரெலும் மோலினாரியும் 2004ல் தொகுத்த கட்டுரை சொல்கிறது. 'ஒழுங்காகப் பிடித்தால்' என்ற இரண்டு சொற்களில்தான் நம் துறையின் சரித்திரம் அடங்கியிருக்கிறது.

ஏனென்றால் பிடிக்க ஆள் இல்லை. வெளிநாட்டுப் புத்தகத்தில் டாக்டருக்கு ஒரு உதவியாளர், நான்கு கை வேலை, கடிகார முள் போல டாக்டர் இந்த மணியில், உதவியாளர் அந்த மணியில் என்று படம் போட்டிருக்கும். நம் கூடத்திலோ பத்து நாற்காலிக்கு ஒரு அக்கா. அவரும் பஞ்சுச் சுருள் கொடுப்பார், சிமென்ட் கலப்பார், டோக்கன் கூப்பிடுவார், அழும் குழந்தையைச் சமாதானம் செய்வார். ஆகவே மாணவர்களையே இரண்டிரண்டு பேராகச் சேர்த்தோம். இன்று நீ துளை, அவன் பிடிப்பான், நாளை மாறிக்கொள்ளுங்கள். கோட்டா முடிக்கும் அவசரத்தில் பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். பிடிப்பதற்கு மதிப்பெண் இல்லையே சார் என்று ஒரு பெண் நேராகவே கேட்டாள். நியாயமான கேள்வி. செய்முறைத் தேர்வுத் தாளில் அதற்குக் கட்டமே கிடையாது.

ஆனால் அந்த ஜோடி முறைதான் எங்களுக்குக் குழாய் பிடிக்கக் கற்றுத்தந்தது. முதலில் குழாய் உள்ளே போக வேண்டும், பிறகு ஏரோட்டர், கடைசியில் கண்ணாடி. குழாயின் சாய்ந்த வாய் பல்லின் பக்கத்துக்கு இணையாக நிற்க வேண்டும். நாக்கின் மேலும் அண்ணத்திலும் பட்டால் நோயாளிக்குக் குமட்டும். கன்னத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொண்டால் இழுக்காதே, லேசாகத் திருப்பு, விட்டுவிடும். பக்கத்தில் துளை போட்ட முனைகள் வந்த பிறகு அந்தத் தொல்லை குறைந்தது. எங்கள் அக்கா இதையெல்லாம் எந்தப் புத்தகமும் படிக்காமல் செய்வார். அவர் பிடித்தால் கண்ணாடியில் ஒரு பொட்டுத் தண்ணீர் விழாது. அவர் விடுப்பு எடுத்த நாளில் பேராசிரியர்கள் பெரிய கேஸ்களைத் தள்ளிப்போட்டார்கள் என்பது பதிவேட்டில் இல்லாத தகவல்.

ரப்பர் டேமைப் பற்றி ஒரு குறை சொல்லியாக வேண்டும். நியூயார்க்கின் சான்ஃபோர்ட் பார்னம் 1864லேயே கொடுத்த எளிய ரப்பர் துணி. பல்லை மட்டும் வெளியே நீட்டி, மற்ற வாயை மூடிவிடும். எச்சில் கலக்காது, பறப்பது பெரும்பாலும் கருவியின் தண்ணீர்தான். வேர் சிகிச்சையில் மாட்டுகிறோம். சாதாரணச் சொத்தை அடைப்பில் 'டைம் ஆகும் சார்' என்று விட்டுவிடுகிறோம். பழகிய கைக்கு இரண்டு மூன்று நிமிடம்தான். இந்த ஒரு விஷயத்தில் நம் துறை நூறு வருஷத்துக்கு மேல் பின்தங்கியிருந்தது, நான் தலைமை வகித்த காலம் உட்பட.

காற்றில் பறப்பதைப் பற்றிய பயம் நமக்கு மெதுவாகத்தான் வந்தது. 1969லேயே மிசிக் குழுவினர் பல் சிகிச்சையில் கிளம்பும் துகள்களை அளந்து வகை பிரித்திருந்தார்கள்: 50 மைக்ரானுக்கு மேற்பட்டவை தெறித்து விழுபவை, அதற்குக் கீழ்ப்பட்டவை மிதப்பவை. தலைமயிரின் தடிமனே அதைவிடச் சற்று அதிகம். விழுவது சட்டையில் தெரியும், மிதப்பது தெரியாது. எங்களை முதலில் உலுக்கியது காற்று அல்ல, இரத்தம். 1986ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவில் முதன்முறையாக எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்த செய்தி வந்தபோதுதான் வெறுங்கையால் வாய்க்குள் விரல் விட்டுப் பழகிய தலைமுறை கையுறையைத் தேடியது. முகமூடி கையுறையோடு இலவச இணைப்பாக வந்தது.

அதற்குள் அல்ட்ராசோனிக் ஸ்கேலர்களும் வந்துவிட்டன. நொடிக்கு 25 ஆயிரம் முறைக்கு மேல் அதிரும் முனை, அதைக் குளிர்விக்கும் தண்ணீர். பல் சுத்தம் செய்யும் வேலையில் கை வலி போயிற்று. நம் கருவிகளிலேயே அதிகமாக மூட்டம் கிளப்புவது அதுதான். கீறுகருவியால் கையாலேயே காறை எடுத்த பழைய ஆசிரியர்கள் 'கையால் செய்தால் சத்தமும் இல்லை, சாரலும் இல்லை' என்று சொன்னபோது நாங்கள் அதைப் பழமைவாதம் என்று நினைத்தோம்.

2020 மார்ச்சில் கொரோனாவால் கூடம் பூட்டப்பட்டது. திரும்பத் திறந்தபோது அவசர சிகிச்சைகள் மட்டும். அந்த மாதங்களில் பழமைவாதிகள் ஜெயித்தார்கள். ஏரோட்டரைத் தொடாமல் சொத்தையைக் கையால் சுரண்டி அடைக்கும் முறை 1980களில் தான்சானியாவில் மின்சாரமில்லாத கிராமங்களுக்காக உருவானது. அதை நம் கூடத்தில் விரும்பிச் செய்தோம். பப்பாளிப் பாலின் நொதியால் சொத்தையை இளக்கும் பசையைப் பயன்படுத்திப் பார்த்தோம். வாய்க்கு வெளியே நிற்கும் பெரிய உறிஞ்சியும் வந்தது. மாணவர்கள் அதற்கு வைத்த பெயர் 'தும்பிக்கை'. நல்ல கருவிதான், ஆனால் அதன் இரைச்சலில் நோயாளி சொல்வது கேட்காது; சற்றே தள்ளி வைத்தாலும் பிடிப்பு விட்டுப்போகும்.

என் கணக்கில் அந்த வருஷத்தின் பெரிய கருவி ஜன்னல். மணிக்கு 6 முறை காற்று மாறும் அறையில் மிதக்கும் துகளில் 99 சதவீதம் வெளியேற 46 நிமிடம் ஆகும். 12 முறை மாறினால் 23 நிமிடம். நம் பழைய கட்டடத்தின் உயரமான ஜன்னல்களை ஏ.சி. போடும்போது பலகை அடித்து மூடியிருந்தோம். அந்த ஏ.சி.க்குத் திறப்பு விழாவே நடந்தது. ஆணியைப் பிடுங்கிப் பலகையைக் கழற்றியபோது விழா எதுவும் இல்லை.

இப்போது வாய்க்குள் வெளிச்சமும் உறிஞ்சலும் கடிதாங்கியும் ஒன்றாகச் சேர்ந்த மென்மையான வாய்க்கருவிகள் கிடைக்கின்றன. நாக்கையும் கன்னத்தையும் ஒதுக்கிப் பிடித்துக்கொள்கின்றன, உதவியாளர் இல்லாமலே வேலை நடக்கிறது. விலையும், ஒவ்வொரு நோயாளிக்கும் புது முனை வாங்கும் செலவும் அரசு மருத்துவமனைக் கணக்கில் உட்கார மாட்டேன் என்கின்றன. ஆகவே நம் முதுநிலை மாணவர்கள் மூவர், கண்ணாடியின் கைப்பிடியையே குழாயாக்கி, கண்ணாடி விளிம்பில் உறிஞ்சுவாய் வைத்துச் செய்து பார்க்கிறார்கள். யோசனை உலகத்துக்குப் புதிதல்ல, நமக்குப் புதிது. முதல் மாதிரி கை கனத்தது. இரண்டாவதில் காற்று நேராகக் கண்ணாடிமேல் ஓடிச் சாரலையும் அங்கேயே கூட்டிவந்தது, பார்க்க முடியவில்லை. மூன்றாவது பரவாயில்லை, கண்ணாடி தெளிவாக இருந்தது. ஆனால் போன வாரம் உட்கார்ந்த நோயாளி கன்னத்தைக் கவ்விப் பிடிக்கிறது என்றார். பக்கவாட்டில் இரண்டு துளை போட்டுவர லேத் பட்டறைக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறோம்.