அலுவலகச் சீரமைப்பு: கணிப்பொறியும் மேசையும்

அலுவலக நிர்வாகத்தில் கணக்கு முறையும் மேசை நாற்காலிகளும் வெவ்வேறு காரியங்களெனத் தோன்றினும், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரண்டும் பெருமாறுதல் அடைந்தன. தேநீர்க் கடைகளால் பிரசித்தி பெற்ற லண்டன் ஜே. லயன்ஸ் நிறுவனம், கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் எட்சாக் யந்திரத்தை ஆதாரமாகக் கொண்டு தானே நிர்மாணித்த லியோ என்னும் கணிப்பொறியால், 1951 நவம்பரில் தன் ரொட்டிச்சாலைகளின் உற்பத்தி மதிப்பைக் கணக்கிடத் தொடங்கியதே வியாபார மென்பொருளின் உதயமெனலாம். விஞ்ஞானிகளின் ஆய்வுக்கூடத்திலன்றி, ரொட்டி விற்போரின் கணக்கறையில் அது நிகழ்ந்தது விந்தையே. பின்னர் சம்பளப் பட்டியலும், தேநீர்க் கடைகளின் அன்றாடச் சரக்குத் தேவையும் அதன் பொறுப்பாயின. 1979-இல் விசிகால்க் என்னும் விரிதாள் மென்பொருள், கணக்கிடும் வசதியைத் தனி மனிதரின் மேசைக்கே கொண்டு வந்தது.

மேசையின் சரித்திரம் அத்துணை மகிழ்ச்சிகரமானதன்று. ஹெர்மன் மில்லர் நிறுவனத்துக்காக ராபர்ட் ப்ராப்ஸ்ட் ஆராய்ந்து, ஜார்ஜ் நெல்சன் வடிவமைத்து 1964-இல் வெளிவந்த ‘ஆக்‌ஷன் ஆபீஸ்’, நின்றபடியே வேலை செய்யத்தக்க உயர்ந்த மேசைகளையும் உடைத்தாயிருந்தும், விலை மிகுதியால் பரவலாக விற்பனையாகவில்லை. 1968-இல் இடம்பெயர்க்கத்தக்க தடுப்புகளுடன் அது திருத்தியமைக்கப்பட்டபோது, ஊழியர்க்குச் சுதந்திரம் நல்கவெனப் படைத்த அத்தடுப்புகளையே முதலாளிகள் இடத்தைச் சுருக்கும் உபாயமாக்கி, நெருக்கமான சிற்றறைகளை வரிசை வரிசையாக நிறுத்தினர். ப்ராப்ஸ்டே பிற்காலத்தில் அவ்வழக்கத்தைக் கடுமையாகக் கண்டித்தார்.