யாருடைய தூதன்?

மலாய் மொழியில் ‘உத்துஸ்’ என்னும் வினையடியினின்று பிறந்தது ‘உத்துசான்’; அனுப்பப்பட்டவன், அதாவது தூதன், என்பது பொருள். வள்ளுவரும் தூதுக்கென ஓர் அதிகாரம் வகுத்தார். அத்தூதனை அனுப்பியவன் அரசன், ஐயமில்லை. நாளிதழை அனுப்பியவர் யார்? இதழியல் அறத்தின் முதல் வினா இதுவே.

1939இல் யூசோஃப் இஷாக் முதலானோர் சிங்கப்பூரில் ‘உத்துசான் மெலாயு’வை ஜாவி எழுத்தில் தொடங்கியபோது, டாக்சி ஓட்டுநர், சிறுவணிகர் போன்ற எளியோரும் பங்கு வாங்கினர். பின்னர் இதழ் கோலாலம்பூருக்குப் பெயர்ந்தது. பங்குகளின் பெரும்பகுதி ஆளுங்கட்சியான அம்னோவின் வசமாயிற்று. 1961 ஜூலையில் கட்சி தன் ஆளை ஆசிரியர் பொறுப்பில் அமர்த்த முற்பட, ஆசிரியர் சைட் சஹாரி தலைமையில் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். ஊதியத்திற்காக அன்று, எழுதும் உரிமைக்காக! இந்நாட்டு இதழ் வரலாற்றில் இதற்கு இணையாக வேறொன்றை நான் எண்ணுவதில்லை.

பங்குடையவரே அனுப்பியவர் எனில் கட்சியின் செயலில் குறை காண்பது அரிது. ஊழியர்களோ வாசகரையே அனுப்பியவராகக் கருதினர். போராட்டம் ஏறத்தாழ மூன்று மாதம் நீடித்துத் தோற்றது. இடையில் சிங்கப்பூர் சென்றிருந்த சைட் சஹாரி, மலாயாவுக்குத் திரும்பத் தடை விதிக்கப்பட்டது.