முட்டி எக்ஸ்ரேயில் 'கிரேட் 4': அந்த நம்பரோட கதை

1/ "டாக்டர், ரிப்போர்ட்ல கிரேட் 4-னு போட்டிருக்கு. ஆபரேஷன்தானா?" பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்த ஒரு அம்மா கேட்டாங்க.

2/ வருஷம் 1957. மான்செஸ்டரில் கெல்கிரென், லாரன்ஸ்னு இரண்டு டாக்டர்கள் மூட்டுத் தேய்மானத்தை 0 முதல் 4 வரை தரம் பிரிச்சாங்க. எலும்பு ஓரத்தில் முளைக்கும் முள், குறுகும் இடைவெளி, எலும்பு இறுகி வெள்ளையாகத் தெரிவது, இவைதான் அளவுகோல். மக்களிடையே நோய் எவ்வளவு இருக்குன்னு கணக்கெடுக்கத்தான் அது அதிகம் உதவியது. யாருக்குக் கத்தி வைக்கணும்னு அந்த நம்பர் சொல்லாது.

3/ எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு தெரியாது. இடைவெளியை வச்சு ஊகிக்கிறோம், அதுவும் நின்னுக்கிட்டு எடுத்தால்தான் சரியா வரும். வலி படத்தில் விழவே விழாது. கிரேட் 4-ல மாடி ஏறுறவங்களும் உண்டு, கிரேட் 2-ல தூங்க முடியாதவங்களும் உண்டு.

4/ 2002-ல் ஹூஸ்டனில் ஒரு துணிச்சலான ஆய்வு வெளிவந்தது. தேய்ந்த முட்டியோட 180 பேர். சிலருக்குத் துளை போட்டு மூட்டைக் கழுவினாங்க, சிலருக்குச் சுரண்டி விட்டாங்க, மீதிப் பேருக்குத் தோலில் கீறல் மட்டும். தனக்கு எது நடந்ததுன்னு நோயாளிக்குத் தெரியாது. 2 வருஷம் கழிச்சும் வலியில் வித்தியாசமே இல்லை! (மூட்டு மாற்று ஆபரேஷன் வேற விஷயம். எதுக்கும் அடங்காத வலிக்கு அது நல்ல வழிதான்.)

5/ அந்த அம்மாவுக்குத் தொடைத் தசைப் பயிற்சி, தடவுற வலி மருந்து எழுதினேன். எடை ஒரு கிலோ குறைஞ்சா ஒவ்வொரு அடியிலும் முட்டிக்கு ஏறக்குறைய நாலு கிலோ சுமை மிச்சம்னு சொன்னேன். 6 வாரம் கழிச்சு வரச் சொல்லியிருக்கேன்.