மண்டலித்து முடியும் ராப்: கென்ட்ரிக் லமாரின் தொடர்நிலைக் கலை

2018 ஏப்ரலில் இசைக்கான புலிட்சர் பரிசு கென்ட்ரிக் லமாரின் ‘டேம்’ இசைத்தொகுப்புக்குக் கிடைத்தது. 1943 முதல் வழங்கப்பட்டுவரும் அப்பரிசு, செவ்வியல் இசையையும் ஜாஸையும் தாண்டியது அதுவே முதல்முறை. 1965இல் ஜாஸ் இசைக்கலைஞர் டியூக் எலிங்டனுக்குச் சிறப்பு விருது வழங்கலாம் என்ற நடுவர் பரிந்துரையைப் புலிட்சர் வாரியம் தள்ளிவிட்டது. ஜாஸ் படைப்பொன்று பரிசு பெற 1997 ஆயிற்று. இவ்வரலாற்றை அறிந்தவர்கள் 2018ஆம் ஆண்டு முடிவைக் கறுப்பின மக்களின் தெருவோரக் கலைக்குக் கிடைத்த ஏற்பாகக் கண்டனர். அது சரியே, ஆயினும் போதாது. தனித்தனிப் பாட்டுகளைக் கோத்துத் தொடர்நிலையாக்கிய வடிவத் திறமே லமாரின் தலையாய சாதனை என்பது இக்கட்டுரையின் துணிபு.

தண்டியலங்காரம் தொடர்நிலைச் செய்யுளைப் பொருளால் தொடர்வது, சொல்லால் தொடர்வது என இரண்டாகப் பகுக்கும். லமாரின் மூன்று தொகுப்புகளை அளக்க இப்பகுப்பு நன்கு உதவுகிறது.

2012இல் வந்த ‘குட் கிட், மேட் சிட்டி’ பொருளால் தொடர்வது. அதன் அட்டையே அதைக் குறும்படம் என்கிறது. 1987இல் கலிஃபோர்னியாவின் காம்ப்டனில் பிறந்த லமார், அந்நகரில் வளரும் ஒரு சிறுவனின் கதையைச் சொல்கிறார். வீட்டு வேனை எடுத்துக்கொண்டு போன மகனைத் தேடும் தாயின் தொலைபேசிக் குரல் பாட்டுகளுக்கிடையே வந்து கதையைக் கோக்கிறது. இதிலுள்ள பன்னிரண்டு நிமிடப் பாட்டொன்றில், சகோதரனைப் பறிகொடுத்த இளைஞன் பேசிக்கொண்டிருக்கும்போதே துப்பாக்கி வெடிக்கிறது. வாக்கியம் பாதியில் அறுகிறது. அடுத்துப் பேசுபவள், தன் சகோதரியின் கதையை லமார் 2011ஆம் ஆண்டுத் தொகுப்பில் பாடியதற்காகச் சினப்பவள். தான் மறையப்போவதில்லை என்று அவள் சொல்லச் சொல்ல அவள் குரல் தேய்ந்து மறைகிறது. சாவை வருணிக்காமல் ஒலியளவைக் கொண்டே உணர்த்திவிடுகிறார்.

2015இல் வந்த ‘டு பிம்ப் எ பட்டர்ஃபிளை’ சொல்லால் தொடர்வது. ஒரே கவிதை பாட்டுகளுக்கிடையே திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. ஒவ்வொரு முறையும் சில அடிகள் கூடுகின்றன. அது முழுமையடையும் கடைசிப் பாட்டில்தான் கேட்டுக்கொண்டிருந்தவர் யாரென்று தெரிகிறது: 1996இல் கொல்லப்பட்ட ராப் பாடகர் டூபாக் ஷகூர். அவருடைய 1994ஆம் ஆண்டு வானொலிப் பேட்டியை வெட்டி ஒட்டி ஓர் உரையாடலை அமைக்கிறார் லமார். இறுதிக் கேள்விக்கு மறுமொழி இல்லை. அம்மௌனத்தோடு தொகுப்பு முடிகிறது.

2017இல் வந்த ‘டேம்’ இவ்விரண்டையும் இணைக்கிறது. அதன் பதினான்காம் பாட்டு, லமாரின் தந்தை வேலைபார்த்த கேஎஃப்சி கடையைக் கொள்ளையிட எண்ணிய ஒருவரைப் பற்றியது. இலவசமாகக் கோழியும் கூடுதல் பிஸ்கட்டுகளும் கொடுத்துவந்ததால் தந்தை உயிர்பிழைத்தார் என்கிறது பாட்டு. கொள்ளையிட எண்ணிய அவரே பின்னாளில் லமாரை வளர்த்த இசை நிறுவனத்தின் தலைவர். தந்தை செத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியோடு துப்பாக்கி வெடிக்க, ஒலிநாடா பின்னோக்கிச் சுழன்று முதற்பாட்டில் லமார் பேசும் முதல் வாக்கியத்தில் வந்து நிற்கிறது. அந்தாதியில் இதை மண்டலித்தல் என்போம். அதே ஆண்டு டிசம்பரில் பாடல்வரிசையைத் தலைகீழாக்கிய பதிப்பும் வந்தது.

இவ்வாதத்துக்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. லமாரின் மிகப் பெரிய வெற்றி 2024 மே மாதம் ராப் பாடகர் டிரேக்கை எதிர்த்துப் பாடிய ‘நாட் லைக் அஸ்’ என்ற வசைப்பாட்டு. அது தனிப்பாட்டு, எந்தத் தொடரையும் அறியாதவரும் அதற்கு ஆடலாம். 2025 பிப்ரவரியில் அது ஒன்றே ஐந்து கிராமி விருதுகளைப் பெற்றது. தனிப்பாட்டிலும் அவர் வல்லவர் என்பதை இது நிறுவுகிறது, மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அப்பாட்டை மட்டும் பாடியிருந்தால் அவர் ஒரு பருவத்தின் வெற்றியாளராகவே நின்றிருப்பார்.

தனிப்பாட்டின் வெற்றிக்கும் தொடர்நிலையின் சாதனைக்கும் உள்ள வேறுபாட்டைக் கிராமியின் வரலாறே காட்டிவிடுகிறது. மேற்கண்ட மூன்று தொகுப்புகளும் ஆண்டின் சிறந்த தொகுப்புக்கான இறுதிப் பட்டியலில் இருந்தன, மூன்றும் தோற்றன. ‘டேம்’ அவ்விருதை இழந்தது 2018 ஜனவரியில். அதற்குப் புலிட்சர் கிடைத்தது அதே ஆண்டு ஏப்ரலில்.