பதிவேட்டில் ஏறாத பிளேட்டுகள்

புணேயின் மங்கள்வார் பேட்டையை ஒட்டி ஞாயிறும் புதனும் கூடும் ஜூனா பஜாரில் சென்ற மாதம் ஒரு தமிழ் இசைத்தட்டு கிடைத்தது. ஏழு அங்குல ஈ.பி.; 1964இல் வெளிவந்த ‘காதலிக்க நேரமில்லை’ படத்தின் நான்கு பாடல்கள், பக்கத்துக்கு இரண்டாக. உறை கிழிந்திருந்தது. அதன் மூலையில் கட்கியில் இருந்த ஒரு கடையின் ரப்பர் முத்திரை மட்டும் படிக்கும்படி இருந்தது. ஹிஞ்சேவாடியில் குடியிருக்கும் எங்களில் பெரும்பாலோர் புணேத் தமிழரின் வரலாறே மென்பொருள் பூங்காவோடுதான் தொடங்கியது என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலை 1869 முதல் இயங்கிவருகிறது. அதையும் படைக்குடியிருப்பையும் ஒட்டித் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக அங்கே வாழ்கின்றன. அவர்களுள் யாரோ ஒருவர் வீட்டில் சுழன்ற தட்டு இது என்று கொள்வதில் பிழையில்லை.

இத்தட்டு எந்த ஆண்டில் அச்சானது என்று அறிய முற்பட்டபோதுதான் இப்பதிவுக்கான சிக்கல் தொடங்கியது. படம் 1964 என்பதால் தட்டும் 1964 என்று எழுதிவிட முடியாது. விற்பனையான படங்களின் ஈ.பி.க்களை நிறுவனங்கள் ஆண்டுக்கணக்கில் மறுபடி மறுபடி அச்சிட்டன. லேபிளின் நிறமும் வடிவமும் தொடர் எண்ணும் தட்டின் நடுவளையத்தில் பொறித்த மேட்ரிக்ஸ் எண்ணும் ஓரளவு வழிகாட்டும். அதற்கு மேல் போக ஒரு பொதுப் பதிவேடு வேண்டும். அப்படி ஒன்று இல்லை.

ஏன் இல்லை என்பதே நாம் கவனிக்க வேண்டிய கேள்வி. 1867ஆம் ஆண்டின் அச்சகங்கள், புத்தகங்கள் பதிவுச் சட்டம் சென்னை மாகாணத்தில் அச்சான நூல்களை அரசின் கண்ணுக்குள் கொண்டுவந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியான பட்டியலில் நூலின் பெயர், ஆசிரியர், அச்சகம், பக்கம், விலை, அச்சிட்ட படிகளின் எண்ணிக்கை எல்லாம் உண்டு. காலணா, அரையணா குஜிலிப் பாட்டுப் புத்தகங்களும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றன. ஆட்சிக்கு எதிரான எழுத்தை வேவு பார்க்க உதவிய ஏற்பாடுதான். ஆனால் இன்று சிறுவெளியீடுகளைப் பற்றி ஆய்வேடு எழுதுவோருக்கு அந்த வேவுதான் சோறு போடுகிறது. விடுதலைக்குப் பின் வந்த 1954ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டம் குறிப்பிட்ட நூலகங்களுக்குப் படி அனுப்புவதைக் கட்டாயமாக்கியது; 1956இல் செய்தித்தாள்களும் சேர்க்கப்பட்டன. இசைத்தட்டு இந்த இரு சட்டங்களுக்கும் வெளியே நின்றுவிட்டது. ஒரு நாடகப் பாட்டு காகிதத்தில் அச்சானால் அரசு எண்ணிக்கை வைத்தது. அதே பாட்டு அரக்கில் பதிந்தால் எண்ணுவதற்கு ஆளில்லை.

இதன் விளைவை எஸ்.ஜி. கிட்டப்பாவின் குரலில் கேட்கலாம். 1906இல் செங்கோட்டையில் பிறந்து 1933 டிசம்பரில் மறைந்தவர். தமிழ்ப் பேசும்படம் தொடங்கி ஈராண்டே ஆகியிருந்தது. அவர் ஒரு படத்திலும் நடிக்கவில்லை. ஆகவே நமக்கு எஞ்சியிருக்கும் அவருடைய குரல் கிராமபோன் பிளேட்டுகளில் உள்ளது மட்டுமே. அந்தக் குரலின் உச்சத்தைப் பற்றி எத்தனை கட்டுரைகள், எத்தனை ‘கட்டை’ வாதங்கள்! அவற்றில் பல, இணையத்தில் யாரோ ஏற்றிய ஒலிக்கோப்பைக் கேட்டு எழுதப்பட்டவை. பழைய தட்டுகள் எல்லாம் சரியாக 78 சுழற்சியில் பதிவானவை அல்ல. நிறுவனத்துக்கு நிறுவனம், அமர்வுக்கு அமர்வு வேகம் மாறியிருக்கிறது. 78 சுழற்சியில் ஓட வேண்டிய தட்டை 82, 83இல் ஓட்டினால் குரல் ஏறத்தாழ அரைக் கட்டை ஏறிவிடும். எந்தத் தட்டிலிருந்து எந்த வேகத்தில் எடுத்த கோப்பு என்று தெரியாமல் கிட்டப்பாவின் சுருதியைப் பற்றி நாம் சொல்லும் எதுவும் கிட்டப்பாவைப் பற்றியதன்று, மோட்டாரைப் பற்றியது. என் முதலாண்டு ஆய்வறிக்கையிலும் இந்தப் பிழை உண்டு. நேரில் தட்டைப் பார்த்த பிறகே உணர்ந்தேன்.

லேபிளை நம்பலாமா என்றால் அதற்கும் எல்லை உண்டு. 1902இல் பிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானைப் பதிவு செய்தபோது, பாட்டின் முடிவில் அவரே தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். மெழுகில் பதிந்ததை ஜெர்மனியின் ஹானோவரில் தட்டாக்குவோர் ஆள் மாற்றி லேபிள் ஒட்டிவிடக் கூடாதே! அரை நூற்றாண்டு நெருங்கும் வேளையில் நிலைமை தலைகீழ். 1949இல் வந்த ‘மஹல்’ இந்திப் படத்தின் புகழ்பெற்ற பாடலுக்குரிய தட்டில் பாடகியின் பெயர் ‘காமினி’ என்று இருந்தது. அது படத்தில் மதுபாலா ஏற்ற பாத்திரத்தின் பெயர். பாடியவர் லதா மங்கேஷ்கர். பாடியது யார் என்று நேயர்கள் வானொலிக்கு எழுதிக் கேட்ட பிறகே அவர் பெயர் வெளியே வந்தது. முதல் அச்சின் லேபிளைப் பார்க்காதவருக்கு இந்தக் கதை வெறும் செவிவழிச் செய்தி. பார்த்தவருக்கு, பின்னணிப் பாடகர் என்ற தொழில் பெயரில்லாமல் தொடங்கியதற்கான சான்று.

தட்டின் வடிவமும் ஒரு சான்றுதான். மேலை நாடுகளில் 1948இல் எல்.பி.யும் 1949இல் 45 சுழற்சி ‘சிங்கிள்’ தட்டும் வந்தன. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் 78 அங்கே மறைந்தது. இந்தியாவில் அது அறுபதுகளிலும் விற்றுக்கொண்டிருந்தது. பீட்டில்ஸ் குழுவின் பாடல்கள் 78 சுழற்சித் தட்டாக இங்கே வெளியானது உலகெங்கும் உள்ள சேகரிப்பாளர்களுக்கு இன்றுவரை வியப்பு. அத்தட்டுகளுக்குக் கொடுக்கும் விலையும் அவ்வாறே. நமக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை. சாவி கொடுத்து ஓட்டும் பெட்டிக்கு மின்சாரம் வேண்டாம், அதன் கனத்த ஊசியைத் தாங்க அரக்குத் தட்டு வேண்டும். வினைல் தட்டுக்கு இலகுவான ஊசியும் மின்மோட்டாரும் தேவை. ஆகவே ஓர் ஊரில் எந்த ஆண்டுவரை 78 விற்றது என்று தெரிந்தால், அங்கே வீடுகளுக்கு மின்சாரம் எப்போது வந்தது என்பதைப் பற்றியும் ஏதோ தெரிந்துகொள்கிறோம்.

சினிமாத் தட்டு சினிமாவின் உபரி என்று பாடநூல்கள் சொல்வதும் பாதி உண்மையே. ஏவி. மெய்யப்பன் காரைக்குடியில் தந்தையின் கடையில் கிராமபோன் தட்டு விற்றவர். 1932இல் பங்காளிகளோடு சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸைத் தொடங்கி ஓடியன் தட்டுகளை வெளியிட்டார். பல தட்டுகள் கொண்ட நாடக ‘செட்’டுகள் விற்ற அனுபவத்துக்குப் பிறகே 1935இல் ‘அல்லி அர்ஜுனா’ எடுக்கப் போனார். தட்டு வணிகம் படத்தைப் பெற்றெடுத்தது என்றே இங்குச் சொல்ல வேண்டும்.

இத்தனையும் இன்று நமக்கு ஓரளவேனும் தெரிவது யாரால்? முதன்மையாகத் தனியாரால். சென்னையில் வி.ஏ.கே. ரங்காராவ் பல்லாயிரம் தட்டுகளைத் திரட்டினார். மும்பையில் 1990இல் தொடங்கிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் ஒரு சிற்றிதழே நடத்தியது. ஆஸ்திரேலியரான மைக்கேல் கின்னியர் இந்தியாவின் தொடக்ககாலப் பதிவுகளை எண்வாரியாகப் பட்டியலிட்டார். அவர் பட்டியலுக்கு அடிப்படையான நிறுவன ஆவணங்களில் பெரும்பகுதி இங்கிலாந்தில் இருக்கிறது, நம்மிடம் இல்லை. புணே லா காலேஜ் சாலையில் 1964இல் நிறுவிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்திலும் இசைத்தட்டுகள் உண்டு. அவையும் சட்டப்படி வந்துசேர்ந்தவை அல்ல, தேடியும் பெற்றும் சேர்த்தவை. சேகரிப்பாளரை நாம் கல்விப்புலத்தில் கொஞ்சம் ஏளனமாகவே பார்க்கிறோம்: மோகம், பொழுதுபோக்கு, பழம்பொருள் வியாபாரம். அடிக்குறிப்பில் அவர் பெயரைப் போடுவதற்குக் கூடத் தயங்குகிறோம். ஆனால் அவர் மறைந்த மறுவாரம் அவருடைய அலமாரி எடைக்குப் போனால், அதோடு போவது நம் மூலாதாரம்.

பதிப்புரிமையைக் காட்டித் தப்பிக்கவும் வழியில்லை. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள்தாம். கிட்டப்பா காலத்துத் தட்டுகள் என்றோ பொதுவுடைமையாகிவிட்டன. பல்கலைக்கழகத் தமிழ்த்துறை ஒன்று நினைத்தால் இவற்றைப் பட்டியலிடலாம். லேபிளின் படம், மேட்ரிக்ஸ் எண், ஓட்டிய வேகம் மூன்றையும் குறித்தாலே போதும். நம்மிடம் ஓலைச்சுவடிக்கு விவர அட்டவணை எழுதிய மரபு இருக்கிறது. அதே பத்திகளை இதற்கும் பயன்படுத்தலாம்: ஏடு எத்தனை, நிலை என்ன, சிதைவு எங்கே.

என் தட்டுக்கு அப்படி ஒரு குறிப்பு எழுதிப் பார்த்தேன். ஆண்டு: இன்னும் தீர்மானமாகவில்லை. உறை: பாதி. முத்திரை: கட்கி. முதற்பக்கம் பளபளப்பாக, கீறலின்றி இருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் முதற்பாடலின் தடம் மட்டும் தேய்ந்து சாம்பல் நிறமாகிவிட்டது. அடுத்த பாடல் தொடங்கும் இடைவெளியில் சிறு கீறல்கள் நெருக்கமாக இருக்கின்றன. பாட்டு முடிந்ததும் ஊசியைத் தூக்கி மறுபடி முதலிலிருந்து வைத்திருக்கிறார்கள், பலமுறை.