புரோகிரஸ் சரக்கு விண்கலம்

புரோகிரஸ், ஆட்களை ஏற்றிச் செல்லும் சோயுஸ் விண்கலத்தை மாற்றியமைத்து சோவியத் ஒன்றியம் உருவாக்கிய ஆளில்லாச் சரக்குக் கலம். முதல் கலம் 1978 ஜனவரி 20 அன்று ஏவப்பட்டு, இரண்டு நாள் கழித்து சல்யூட் 6 விண்வெளி நிலையத்தை அடைந்தது. அங்கே விண்வெளி வீரர்கள் யூரி ரோமனென்கோவும் கியோர்கி கிரெச்கோவும் தங்கியிருந்தனர். தனிச் சரக்குக் கலம் தேவைப்பட்டதற்குக் காரணம், ஆட்கள் அமர்ந்தபின் சோயுஸில் மிஞ்சும் இடம் சொற்பம். மாதக்கணக்கில் தங்குவதற்கான உணவையும் எரிபொருளையும் அதில் கொண்டுபோக இயலாது.

சோயுஸுக்கு மூன்று பகுதிகள். முன்னறை சரக்கறையாயிற்று. பின்னால் உள்ள எந்திரப் பகுதி, கட்டுப்பாட்டுக் கருவிகளுக்காகச் சற்று நீண்டது. பெரிய மாற்றம் நடுவில்தான். வீரர்கள் பூமிக்குத் திரும்பும் இறங்குகலம் அடியோடு நீக்கப்பட்டு, அங்கே எரிபொருள் தொட்டிகள் வந்தன. வெப்பக்கவசம், பாராசூட், இருக்கைகள், ஏவுதலில் விபத்து நேர்ந்தால் வீரர்களைக் காப்பாற்றும் ராக்கெட் எல்லாம் அதோடு போயின. திரும்பி வர வேண்டியதில்லை என்ற துணிச்சலான முடிவால்தான் சுமார் 7 டன் எடையுள்ள கலம் 2 டன்னுக்கு மேல் சுமக்க முடிந்தது.

தொட்டிகளில் உள்ள டைமெத்தில் ஹைட்ரசீனும் நைட்ரஜன் டெட்ராக்சைடும் கொடிய நச்சு. ஒன்றோடொன்று பட்டவுடன் பற்றிக்கொள்பவை. அதனால் குழாய்களைச் சரக்கறைக்குள் விடாமல் அதன் வெளிப்புறமாகவே கொண்டுபோய், இணைப்பு வளையத்தில் நிலையத்தின் குழாய்களோடு சேர்த்தார்கள். வழியில் கசிந்தாலும் வீரர்கள் சுவாசிக்கும் காற்றில் கலக்காது. இந்தக் கலத்தின் மிகச் சிறந்த பொறியியல் இதுவே. 1978 பிப்ரவரியில் சல்யூட் 6 இவ்வழியில் எரிபொருள் பெற்றது. விண்வெளி நிலையம் ஒன்றுக்குச் சுற்றுப்பாதையில் எரிபொருள் நிரப்பப்பட்டது அதுவே முதல்முறை.

ஓட்ட ஆளில்லாததால் கலம் தானாகவே இணைகிறது. நிலையத்திலிருந்தபடி கையால் இயக்கவும் பின்னாளில் வசதி வந்தது. அந்த முறையைச் சோதித்தபோது, 1997 ஜூன் 25 அன்று, புரோகிரஸ் எம்-34 மிர் நிலையத்தின் ஸ்பெக்டர் பகுதியில் மோதி ஓட்டை போட்டது. வீரர்கள் உயிர் தப்பினர். ஸ்பெக்டரை மூடிவிட வேண்டியதாயிற்று.

சரக்கை இறக்கியதும் வீரர்கள் அதில் குப்பையையும் கழிவையும் நிரப்புவார்கள். கலம் பிரிந்து வளிமண்டலத்தில் எரிந்துபோகும். மிஞ்சும் துண்டுகள் பெரும்பாலும் தென் பசிபிக்கில் விழும். ஆனால் ஆய்வு மாதிரிகளும் இவ்வழியில் திரும்ப முடியாது என்பது பெருங்குறை. 1990களில் ராதுகா என்னும் சிறு பெட்டகத்தைச் சில கலங்களில் அனுப்பி, சுமார் 150 கிலோ வரை பூமிக்குக் கொண்டுவர வழிசெய்தார்கள்.

அமெரிக்காவின் ஸ்பேஸ்எக்ஸ் வேறு வழியில் போனது. ஆட்கள் செல்லும் தன் டிராகன் விண்கலத்திலிருந்து இருக்கைகளையும் தப்பிக்கும் எஞ்சின்களையும் நீக்கி, வெப்பக்கவசத்தையும் பாராசூட்டையும் அப்படியே வைத்துக்கொண்டது. 2020 டிசம்பரில் முதன்முதலாக ஏவப்பட்ட இந்தச் சரக்கு டிராகன் மாதிரிகளோடு கடலில் இறங்குகிறது; மீட்டெடுத்து மறுபடியும் ஏவுகிறார்கள்.